எனக்குத் தெரியாது என்று நான் சொன்ன பானைகள்

செல்லையா இறந்த செய்தி அலுவலகத் தபாலோடு வந்தது. மூலைகளில் கறுப்பு மை தடவிய கார்டு. மற்றக் கடிதங்களோடு சேர்த்து அதையும் மேசையில் வைக்கப் பியூன் முத்துவுக்கு மனம் வரவில்லை. வாசலில் நின்றபடியே, "சார், கொஞ்சம் வெளில வாரீங்களா? ஒங்களுக்குக் கருமாதிக் கார்டு வந்திருக்கு" என்றார். வேப்பமரத்தடியில் நின்று படித்தேன். திருமயத்தில் காலமானார், நெஞ்சுவலி, இன்ன நாளில் கருமாதி என்று நாலே வரி. படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வருவதுதான் நம் வழக்கம். நான் கிழிப்பேன் என்று முத்துவும் காத்து நின்றார். என்னால் முடியவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் காப்பி குடிக்கும்போது அவரைப் பற்றிப் பேச்சு வந்தது. நல்ல கை, அவர் வரைந்த நில வரைபடத்தில் ஒரு கோடு தடித்திருக்காது என்று பாராட்டினார்கள். கடைசியில் நம்மில் ஒருவர், "எல்லாஞ் சரிதாங்க. ஆனா குடியிருந்த எடத்துல ஒத்துப்போகத் தெரியாத மனுசன். அதானே காம்பவுண்ட விட்டு வெரட்டுனாங்க" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்து முடித்தேன். நம் மனமகிழ் மன்றத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டதற்கு அந்தக் காப்பிதான் காரணம்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு நம் அலுவலகங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பாதிப் பேரைத் திருச்சிக்கு அனுப்பினார்கள். மீதிப் பேரை இந்தப் பிரிவிலிருந்து அந்தப் பிரிவுக்குப் பந்தாடினார்கள். அந்தக் குழப்பத்தில் அன்னவாசலிலிருந்து நானும் அரிமளத்திலிருந்து செல்லையாவும் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தோம். அவர் வரைபடப் பிரிவு, நான் அடுத்த அறையில் குமாஸ்தா. குடியிருக்க இடம் தேடி அலைந்து, கடைசியில் இருவருக்கும் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த பகுதிகள் கிடைத்தன. ஐந்து குடித்தனம், ஒரு கிணறு. முன்பகுதியில் வீட்டுக்காரர். முற்றம் முழுக்கச் செம்புறாங்கல் பாறை. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் பாறைக்கு ஒன்றும் ஆகாது, நமக்குத்தான் தோள்பட்டை போகும். கோடையில் கிணறு வற்றிவிடும் என்பதால், குளிக்கக் குடிக்கப் போக, குடித்தனத்துக்கு இரண்டு குடம்தான் கூடுதல்.

செல்லையாவின் மனைவி பார்வதிக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியாது. நாலு மணிக்கே சமையலை முடித்துவிடுவார். அதற்குப் பிறகு சுவரைத் தடவித்தான் நடமாட்டம். கிணற்றடிக்குப் பதினாலு எட்டு என்று எண்ணி வைத்திருந்தார். ஒருநாள் யாரோ வழியில் அண்டாவை வைத்துவிட்டுப் போக, ஒன்பதாவது எட்டில் அதில் இடறி விழுந்து நெற்றி கிழிந்தது. தையல் போட்ட டாக்டர் கண்ணையும் பார்த்தார். தினமும் கீரை கொடுங்கள், மருந்தைவிட அதுதான் முக்கியம், விட்டுவிட்டுக் கொடுத்தால் கண் மொத்தமாகவே போனாலும் போகும் என்று சொல்லி அனுப்பினார்.

சந்தைக் கீரை வாரத்தில் இரண்டு நாள் வரும். கோடையில் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவந்த அன்று செல்லையா முற்றத்துப் பாறையில் செருப்புக்காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "தெனமும்னு சொல்லிட்டாரு சார். சந்தைய நம்பி ஒருத்தியோட கண்ண ஒப்படைக்க முடியுமா? தரையில வளக்க எடமில்லைன்னா வேற எதுலயாவது வளக்க வேண்டியதுதான்" என்றார். அவர் தோட்டம் போட்டது பொழுதுபோக்குக்காக என்று நம்மில் சிலர் நினைத்தோம். இல்லை.

முதலில் எதில் வளர்ப்பது என்பதே பெரும்பாடாக இருந்தது. மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை நான்தான் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினேன். அதைத் தேய்த்துக் கழுவிப் பொன்னாங்கண்ணித் தண்டுகளை ஊன்றினார். நான்காம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "சார், கைய வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன், உடனே எடுத்துக்கொண்டேன். தோசைக்கல் மாதிரி இருந்தது. "வேரு வெந்திருச்சு. இனிமே பருப்புப் போட்டுக் கடைய வேண்டியதுதான் பாக்கி" என்று சிரித்தார். அடுத்தது தேயிலைப் பெட்டி. பலகை ஊறி, கரையான் ஏறி, ஒன்றரை மாதத்தில் தூக்கப்போனால் அடிப்பலகை அங்கேயே தங்கிவிட்டது.

பிறகு புதுப் பானை. பானை வனையும் வேளாரிடம் போய்த் தட்டித் தட்டிப் பார்த்து, சத்தம் பிசகாத மூன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பானை சூடாகவில்லை, வேர் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் காணாமல் போனது. புதுப் பானையின் உடம்பெல்லாம் வேர்த்துக் காற்றோடு போய்விடும். குடிக்கத் தண்ணீர் வைத்தால் அதற்காகவே குளிரும். செடி வைத்தால் அதுவே வினை. இருப்பதோ இரண்டு குடம். "நம்ம தண்ணிய மொதல்ல பானை குடிச்சிருது. மிச்சம் இருந்தாத்தான் கீரைக்கு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மண்ணுக்கும் இதே பாடுதான். செம்புறாஞ் சரளையில் தண்ணீர் நிற்காது. குளத்து வண்டலை மட்டும் போட்டால் காய்ந்ததும் தளம் போட்ட மாதிரி இறுகிவிடும். வண்டலில் பாதி, மணலில் பாதி, மேலே இரண்டு கை ஆட்டுப்புழுக்கை என்று அவர் முடிவுக்கு வர ஒரு முழுக் கோடை ஆனது. பானையின் அடியில் ஓட்டை போடுவதையும் அவரே கற்றுக்கொண்டார். ஊறவைத்த பானையைக் கவிழ்த்து, கூர்முனையை வைத்து மெல்லத் திருகித் திருகித் துளைப்பார். ஓட்டைமேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்துப் பிறகுதான் மண். "ஓட்டை இல்லாத பானையில செடி வக்கிறது, கதவில்லாத ரூம்புல ஆளக் குடிவக்கிற மாதிரி சார்" என்பார். வரைபடப் பிரிவில் ஒரு டிவைடரின் கால் வளைந்து கிடந்ததும், ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பற்றிக் கேட்டுக் குடைந்ததும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அந்தக் கால் எங்கே வளைந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

வழி காட்டியது பார்வதிதான். வாய் உடைந்த சோற்றுப் பானை ஒன்றைத் தூக்கிப் போடப் போனவர், "இதுல ஒண்ணு வச்சுத்தான் பாருங்களேன்" என்றார். வைத்தார்கள். இரண்டு நாள் கழித்தும் மண்ணில் ஈரம் இருந்தது. செல்லையாவுக்குப் பிறகுதான் காரணம் பிடிபட்டது. வருஷக்கணக்காகப் பொங்கிப் பொங்கி, உள்ளே கஞ்சியும் எண்ணெயும் ஊறி, வெளியே கரி ஏறி, பழம்பானையின் நுண்ணிய துளையெல்லாம் அடைந்துபோயிருக்கும். தண்ணீரை அது குடிக்காது. அந்த வருஷப் போகிக்குத் தெருத்தெருவாகப் போய், வெளியே எறிந்த பானைகளில் உடையாத நான்கைக் கொண்டுவந்தார். மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டில், படிக்கு ஒரு பானை. ஆனால் தினமும் ஒரு கைப்பிடி கிள்ள வேண்டுமென்றால் பன்னிரண்டு பானையாவது வேண்டும். அடுத்த போகிக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது.

ஒரு விடிகாலையில் வண்டல் அள்ள இருவரும் குளக்கரைக்குப் போயிருந்தோம். கரையோரத்தில், யார் வீட்டிலோ கருமாதி முடிந்து கழித்துப்போட்ட பானைகள் கிடந்தன. சாவு கழிந்த வீட்டில் பழைய மண்பாத்திரத்தை வைத்திருக்கமாட்டார்கள் அல்லவா? செல்லையா ஒன்றை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். "வேண்டாம் செல்லையா, போடுங்க கீழ" என்றேன்.

"இதுல பொங்கித் தின்ன மனுசன் எழுவது வயசு வாழ்ந்துட்டுப் போயிருப்பாரு சார். பானை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். பிறகு பானையைத் திருப்பி அடியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் மனசு ஒப்பலதான். ஆனா சாயங்காலம் ஆனா அவ சுவத்தத் தடவுறாளே, அதப் பாக்குறதவிட இது லேசு" என்றார்.

சாக்கை விரித்தது நான். இரண்டு பானையை அதில் வைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி வந்தோம். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு மூன்று தடவை அவரோடு போயிருக்கிறேன். பல வருஷம் யாரிடமும் இதைச் சொன்னதில்லை, என் மனைவியிடமும்கூட.

படிக்கட்டு முழுவதும் பச்சையாகிவிட்டது. காம்பவுண்டில் கேட்காதவர் இல்லை, அவர் கொடுக்காதவரும் இல்லை. என் வீட்டில் கீரை, வீட்டுக்காரர் வீட்டில் கீரை. பார்வதிக்கு மட்டும் தினமும். நான்கைந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் பார்வதி வாசலில் நின்று, "ஏங்க, கிணத்தடியில பூனையா நிக்குது?" என்று கேட்டார். பூனைதான் நின்றது. செல்லையா என் கதவைத் தட்டி என்னை வெளியே இழுத்துவந்து, "சார், பூனை சார்!" என்றார்.

அதற்கு அடுத்த வாரம்தான் எல்லாம் கெட்டது. வீட்டுக்காரரின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல். அந்த நேரம் பார்த்துச் சலவைக்குத் துணி எடுக்க வந்த காளியம்மா படிக்கட்டில் மூட்டையை இறக்கினாள். ஒரு பானையைக் கண்டதும் கையை வாயில் வைத்தாள். "ஆத்தாடி, இது மேலத்தெருப் பெரியவரு வீட்டுப் பானையில்ல? வாயில சில்லுப் போயிருக்கே, அதேதான். கருமாதி அன்னைக்கு நாந்தானே குளத்துல கொண்டு போயிப் போட்டேன்!"

ஐந்து குடித்தனமும் முற்றத்தில் கூடிவிட்டது. வீட்டுக்கார அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. உள்ளே அவர் மகள் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். வீட்டுக்காரர் செல்லையாவின் முன்னால் வந்து நின்றார்.

"செல்லையா, இது நெசமா?"

"ஆமாங்க."

"பிள்ளை பெத்தவ இருக்கிற வீட்டுல கருமாதிப் பானையா? கூட யாரு போனது? ஒத்த ஆளா இத்தனையும் தூக்கியாந்திருக்க முடியாதே."

செல்லையா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். கெஞ்சலும் இல்லை, குற்றஞ்சாட்டலும் இல்லை. அடுத்த அறையிலிருந்து கோப்பு வருமா என்று எட்டிப் பார்ப்பாரே, அந்தப் பார்வைதான். நான் கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "நான் மட்டுந்தாங்க. ஒவ்வொண்ணாக் கொண்டாந்தேன்" என்றார் அவர்.

வீட்டுக்காரர் விடவில்லை. என்னிடம் திரும்பினார். "சுப்பையா, நீங்க பக்கத்துக் குடித்தனம். ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே திரியிறீங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

என் இடுப்பில் ஆறு மாதக் குழந்தை இருந்தது. ஊரில் வேறு வீடு கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். இதெல்லாம் காரணம்தான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மையில் அந்தக் கணத்தில் எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

இருட்டுவதற்குள் பானைகள் போக வேண்டும், மூன்று நாளில் ஆளும் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பார்வதியின் சோற்றுப் பானை ஒன்றை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா என்று செல்லையா கேட்டார். அதற்கும் முடியாது என்றார்கள். பன்னிரண்டு பானையையும் அவர் ஒருவரே ஒவ்வொன்றாகச் சுமந்து வெளியே கொண்டுபோனார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது. பானைகள் போனதால்தான் விட்டது என்று காம்பவுண்டே பேசிக்கொண்டது. செல்லையா விடாக்கண்டன், யாரோடும் ஒத்துப்போகாதவர் என்ற பேச்சு அலுவலகத்துக்கு அந்த வழியாகத்தான் வந்தது.

அதன் பிறகும் அலுவலகத்தில் அவர் என்னோடு எப்போதும் போலவே பேசினார். அது என்னை இன்னும் வாட்டியது. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரே ஒரு முறை நான் பேச்செடுத்தேன். "விடுங்க சார், ரெண்டு குடித்தனமாத் தெருவுல நிக்கிறதுக்கு ஒரு குடித்தனம் நின்னது பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வரைபடத்தின் பக்கம் குனிந்துகொண்டார். ஆறு மாதத்தில் திருமயத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம்தான்.

கருமாதிக்கு முதல் நாள் போனேன். பஸ் வழியில் நின்றுவிட, திருமயத்தில் இறங்கும்போது பொழுது அடைந்துவிட்டது. அந்த வீட்டில் இன்னும் விளக்கு ஏற்றவில்லை. கதவருகே பார்வதி உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொல்ல வேண்டுமே என்று நான் தொண்டையைச் செருமினேன்.

"வாங்க, சுப்பையாண்ணே. இம்புட்டு எளைச்சுட்டீங்களே" என்றார். பிறகு, "சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்கண்ணே" என்றார்.

குனிந்து பார்த்தேன். அந்த இருட்டில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தடவிப் பார்த்தேன், மாற்றித்தான் போட்டிருந்தேன். அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். துக்கம் விசாரிக்க வந்தவனுக்கு அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆயிற்று.

கொல்லையில் இடமென்று சொல்ல ஒன்றுமில்லை, நாலு முழச் சந்து. அதில் சுவரோரமாகப் பழம்பானைகள், எல்லாவற்றிலும் பொன்னாங்கண்ணி. எல்லாவற்றின் அடியிலும் ஓட்டை இருந்திருக்கும், நான் கவிழ்த்துப் பார்க்கவில்லை. பார்வதி அங்கே நின்று சொன்னார்: "அந்தக் காம்பவுண்டுல எங்களுக்காகப் பேசுனது நீங்க ஒருத்தர்தானாமே. வீட்டுக்காரரு கிட்ட எவ்வளவோ வாதாடுனீங்களாம். அன்னைக்கு நான் உள்ள படுத்துக் கெடந்தேன், ஒண்ணும் காதுல விழல. அவரு சொல்லுவாரு, சுப்பையா சார் மாதிரி ஆளு அமையாதுன்னு. சாகுறதுக்கு மொத வாரங்கூடச் சொன்னாரு."

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. முன்பு ஒரு முறை பேசக் கூடாததைப் பேசிய வாய், பேச வேண்டிய இடத்தில் இப்படிச் செய்தது.

மறுநாள் சடங்கு முடிந்ததும் உறவினர்கள் அடுப்படியில் இருந்த பழைய பானைகளை எடுத்துக்கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் போட்டார்கள். நான் பின்னாலேயே போனேன். நல்ல வெயில், பத்துப் பேர் நின்றார்கள். குனிந்து ஒரு பானையை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். செல்லையாவின் பெரியப்பா மகன் பதறி, "என்னங்க, போயும் போயும் அதப் போயி எடுக்குறீங்க?" என்றார். "செடி வைக்க" என்றேன். பார்வதி ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்த நாலு தண்டு என் பையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து பானையை இறக்கியதும் என் மனைவி எங்கே வாங்கியது என்று கேட்டாள். சொன்னேன். இந்தப் பானையைப் பற்றியும் சொன்னேன், அந்தப் பானைகளைப் பற்றியும் சொன்னேன். "பார்வதியம்மா வீட்டக் காலி பண்ணி அழுதுக்கிட்டே போனப்ப நான் ஒங்கள எவ்வளவு பெருமையா நெனச்சேன் தெரியுமா, இதுல எதுலயும் மாட்டிக்காத மனுசன்னு" என்றாள். அதற்குமேல் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

இதை எழுதி முடித்ததும் முதல் பிரதியைப் பார்வதிக்கு அனுப்பினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார். பதில் இன்னும் வரவில்லை.

செல்லையாவை ஒத்துப்போகத் தெரியாதவர் என்று நினைத்திருந்த நண்பர்களே, அவர் ஒத்துப்போனதால்தான் நான் அந்த வீட்டில் குடியிருந்தேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, கரி படிந்த இந்தச் சோற்றுப் பானை. தண்டு நான்கும் வேர்விட்டுவிட்டன. மற்றொன்று, நான் செய்யாத காரியத்துக்காக அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த நல்ல பெயர். பானையை நான் வைத்துக்கொள்கிறேன்.